மாமல்லபுரம் போகிறீர்களா? கேள்வி-பதில்

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி மாமல்லபுரம் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். 'நல்ல ஹோட்டலாகச் சொல்லுங்கள்' என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. எத்தனை பேர், எந்த மாதம், எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சோழியா உருட்டுவது?

புதுச்சேரி பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் டிக்கெட் எடுத்தோம். ஊருக்கு வெளியே நடுரோட்டில் இறக்கிவிட்டார் கண்டக்டர். இது நியாயமா? (வேளச்சேரி வாசகர்)

நியாயம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் புதுச்சேரி பஸ்கள் பெரும்பாலும் ஊருக்குள் வராது, புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ நிற்கும், ஏறுமுன் பேரம் பேசுங்கள். மாமல்லபுரம் என்றே போர்டு போட்ட மாநகரப் பஸ்ஸில் வந்திருந்தால் ஸ்டாண்டிலேயே இறங்கியிருக்கலாம். ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர் வர வேண்டும்.

மாமல்லபுரமா, மகாபலிபுரமா? (ஏழாம் வகுப்பு மாணவி, ஓசூர்)

மாமல்லபுரம். முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர் மாமல்லன். திருமங்கையாழ்வார் பாட்டில் இது கடல்மல்லை. மகாபலி கதையில் வருகிறவர். பரீட்சையில் எதை எழுதுவது என்று உங்கள் டீச்சரைக் கேட்டுக்கொள்ளம்மா.

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் வருகிறோம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். கடலில் குளிக்க எந்த இடம் நல்லது? (சேலம் வாசகர்)

எந்த இடமும் நல்லதில்லை. கிணற்றிலும் ஏரியிலும் கற்ற நீச்சல் இங்கே செல்லாது. கரைக்கு வந்து மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஏதாவது ஓரிடத்தில் வாய்க்கால் மாதிரி வழி பிடிக்கும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்கச் சாதுவாக இருக்கும். 'இங்கேதான் அமைதியாக இருக்கிறது' என்று சரியாக அதிலேயே போய் இறங்குவார்கள். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். இதெல்லாம் எழுதுவதற்குச் சுலபம். ஆகையால் முழங்கால் அளவுத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். குடித்திருந்தால் அதுவும் வேண்டாம்.

புதுச்சேரி போகிற வழியில் இரண்டு மணி நேரம் நிற்போம். வெண்ணெய் உருண்டை, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் மூன்றையும் முடித்துவிடலாமா? மற்றதெல்லாம் வெறும் பாறைதானே? (கோவை வாசகர்)

இந்த 'முடித்துவிடலாமா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வரி கட்டுகிற வேலையா இது, முடிப்பதற்கு?

நீங்கள் வரப்போவது எப்படி என்று எனக்குத் தெரியும். காலையில் நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வந்து இறங்குவீர்கள். கருங்கல் அப்போதுதான் தோசைக்கல் மாதிரிக் காய ஆரம்பித்திருக்கும். வெண்ணெய் உருண்டைக்குக் கீழே நின்று அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரிக் கையைத் தூக்கி ஒரு படம். உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் அதே படத்துக்கு நிற்பார்கள். அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். அந்த உருண்டைப் பாறை 20 அடி உயரம், 250 டன் என்கிறார்கள். சரிவில் நிற்கிறது, உருளவில்லை. சரி, பார்த்தாயிற்று. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கணேச ரதம் இருக்கிறது, வராக மண்டபம் இருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன், இங்கே திருவிழாக் கூட்டம், அங்கே இரண்டு ஆடு.

அப்புறம் அர்ச்சுனன் தபசு. நீங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 100 அடி நீளம், 40 அடிக்கு மேல் உயரம், இரண்டு பெரும் பாறைகளின் முகத்தில் செதுக்கியது. நடுவில் உள்ள பிளவுதான் ஆறு. அதில் நாகர்கள் நீந்தி மேலேறுகிறார்கள். ஒற்றைக்காலில் தவம் செய்கிறவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நீங்கள் பிளவின் அடியில் இடது பக்கம் பாருங்கள். குளித்துவிட்டு வந்த ஒருவர் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். பக்கத்தில் ஒருவர் தோளில் தண்ணீர்க் குடம். 1,300 வருஷமாகப் பிழிந்துகொண்டிருக்கிறார், சொட்டு விழுந்துவிடும் போலிருக்கும். வலது பக்கம் பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை, பின்னங்காலில் நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். இன்னொரு மூலையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. அந்த மானைச் செதுக்கியவன் எத்தனை நாள் மான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்! இது ரோட்டோரத்தில் இருக்கிறது. கார் கண்ணாடியை இறக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாலு எட்டு நடந்தால் கிருஷ்ண மண்டபம். உள்ளே ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. மடிக்குக் கீழே கலயம் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் கறந்து பழகிய ஆள் என்று தெரியும்.

ஆகவே என் பதில்: இரண்டு மணி நேரம்தான் என்றால் மூன்று இடம் வேண்டாம். விடிந்ததும் வாருங்கள். தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக விழும். அதையும் கிருஷ்ண மண்டபத்தையும் மட்டும் பாருங்கள். மற்றவை ஓடிப்போகாது. அங்கே ஓர் இரவு தங்க முடிந்தால் ரொம்ப நல்லது. பதினொன்று முதல் நாலு மணி வரை எந்தக் கல்லின் பக்கமும் போகாதீர்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. எவையெல்லாம் பார்க்கலாம்? (தஞ்சாவூர் வாசகி)

இப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம். தபசும் கிருஷ்ண மண்டபமும் ரோட்டோரம், அம்மாவுக்குச் சிரமமே இல்லை. ஐந்து ரதம் சமதரை, கொஞ்சம் மணல். கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து நல்ல நடை இருக்கிறது, சாயங்காலம் மெதுவாகப் போங்கள். குன்றின் மேலே மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் கலங்கரை விளக்கமும் அம்மாவுக்கு வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தலசயனப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் ஆதிசேஷன் இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருப்பார். பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள். கடலில் அம்மா கால் நனைக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ரதங்களில் பஞ்சபாண்டவர்கள் தங்கினார்களா? (பெயர், ஊர் எழுதவில்லை)

இல்லை. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அவை ஒற்றைக்கல்லில் மேலிருந்து கீழாகச் செதுக்கிய கோயில்கள், முழுதாக முடிக்கப்படாதவை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். சந்தேகம் வரக்கூடாதென்று பக்கத்திலேயே ஒரு கல் யானையை நிறுத்தியிருக்கிறான் சிற்பி. அதன் பின்னால் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டிக்கெட் 40 ரூபாய். கடற்கரைக் கோயிலுக்கும் அதே டிக்கெட்தான், கசக்கி எறிந்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கருங்கல் பிள்ளையார் வாங்க வேண்டும். ஏமாறாமல் இருப்பது எப்படி? (மதுரை வாசகர்)

நானே ஏமாந்தவன். பல வருஷத்துக்கு முன், ஒரு கடையில் ஓர் அடிப் பிள்ளையாரைக் கருங்கல் என்று நம்பி வாங்கி வந்தேன். முதல் சதுர்த்திக்கு எண்ணெய் தேய்த்தபோது கையெல்லாம் கறுப்பு. துடைக்கத் துடைக்கப் பிள்ளையார் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டார். மாக்கல்லில் மை பூசியிருந்தார்கள். எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள், மாக்கல்லும் கிட்டத்தட்ட அதே கனம்தான். பீடத்தின் அடியில் ஒரு காசால் கீறிப் பாருங்கள். மாக்கல்லில் கோடு விழும், மாவு உதிரும். கருங்கல்லில் காசுதான் தேயும். கீற விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. மாக்கல் மட்டமில்லை, அந்த விலைக்கு வாங்கினால் அழகான பொருள். முன்பணம் கொடுத்துச் செய்யச் சொல்வதென்றால் உளிச்சத்தம் கேட்கிற பட்டறையாகப் பாருங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனாலும் காசை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க எந்த ரயிலில் வர வேண்டும்? (ஈரோடு வாசகர்)

திருவனந்தபுரம் ரயிலைப் பார்த்து வைத்திருப்பீர்கள். அது கேரளக் கோவளம். இது சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள கோவளம், பஸ்ஸில் வாருங்கள். இந்தக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கற்றுக்கொடுக்கிறார்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் முக்கால்வாசி ஆசிரியர்கள். காலை ஆறு மணிக்கு வகுப்பு. அவர்கள் உடன் இருக்கும்போது மட்டும் ஆழம். மற்ற நேரத்தில், மேலே சொன்னதுதான், முழங்கால்.

முதலைப் பண்ணைக்குப் போனோம், பூட்டியிருந்தது. (மூன்று பேர்)

திங்கட்கிழமை போயிருப்பீர்கள். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. கிளம்புமுன் கிழமை பாருங்கள் என்று போன வருஷமும் எழுதினேன்.

கடலுக்குள் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடப்பது உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

கடலடியில் சுவர்களும் செதுக்கிய கற்களும் கிடப்பது உண்மை, 2002-ல் முக்குளித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு கோயில் என்று எண்ணிக்கை சொல்ல யாராலும் முடியாது. இதில் ஆர்வம் உள்ளவர் சாளுவன்குப்பம் போங்கள், வடக்கே ஐந்து கிலோமீட்டர். 2004 சுனாமிக்குப் பிறகு மணலைத் தோண்டியதில் ஒரு முருகன் கோயிலே வெளிவந்தது. பல்லவர் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வாசலில் கல் வேல் நிற்கிறது. பக்கத்திலுள்ள புலிக்குகைக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

நாட்டிய விழா எப்போது? (மயிலாப்பூர் வாசகி)

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் போகும். தேதியைச் சுற்றுலாத் துறையிடம் கேளுங்கள். திறந்தவெளி, எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும். சால்வை.

மீன் எங்கே நல்லது? (திருச்சி வாசகர்)

ஒத்தவாடைத் தெருப் பக்கம் மீனைக் கண்ணில் காட்டித்தான் சமைப்பார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சொல்கிற விலை கிலோவுக்கா, ஒரு மீனுக்கா, பொரிப்பதற்குத் தனியா என்பதை எடை போடுவதற்கு முன் கேளுங்கள். இறால் என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.