வேலை மாறினால் கம்பெனி லீஸ் காரை முன்பே முடிக்கலாமா?
சுங்கை சிப்புட் எஸ்டேட் ஆபீஸ் வேலையை விடுகிறீர்கள், லீஸ் காருக்கு இன்னும் 14 மாதம் பாக்கி என்கிறீர்கள். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து என்று முதலில் பாருங்கள். கம்பெனியுடையது என்றால் காரை லீஸுக்குக் கொடுத்த நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான். முன்பே முடிப்பதற்கான அபராதத்தை உங்கள் தலையில் கட்ட, கார் தரும்போது கம்பெனியிடம் நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். "முன்பே கட்டினால் வட்டி கழிப்பார்களே" என்பார்கள் சிலர். அது மலேசியாவின் 1967 ஹயர் பர்சேஸ் (தவணையில் வாங்குதல்) சட்டத்தில் வருவது. கடைசியில் காரை வாங்கும் உரிமை இல்லாத வெறும் வாடகைக்குப் பொருந்தாது. புது முதலாளி லீஸை ஏற்பாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒப்படைக்கும் முன் காரைக் கழுவி, மீட்டரோடு படம் எடுங்கள். என் தம்பி பின்சீட்டில் செம்பனைக் குலை ஏற்றியிருந்தான். முள் கிழித்த இரண்டு அங்குலத்துக்கு முழு சீட் உறைக்கும் பணம் பிடித்தார்கள். அப்புறம், வருமான வரிக்காக முதலாளி தரும் இஏ பாரத்தில் கார் சலுகையை நீங்கள் ஓட்டிய மாதங்களுக்கு மட்டும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.