ஆடு குட்டி வீசுதா? புரூசெல்லா டெஸ்ட் பத்தி கேளுங்க

கால்நடை லேப்ல 14 வருஷமா ரத்தம் பாத்துட்டு இருக்கேன். புரூசெல்லாங்கறது சினை ஆட்ட குட்டி வீச வைக்கிற, அதாவது நாள் ஆகுறதுக்கு முன்னாடியே சினை கலைய வைக்கிற ஒரு கிருமி. வெள்ளாடு, செம்மறிக்கு அந்த டெஸ்ட் பத்தி என்ன வேணா கேளுங்க, மருந்து டோஸ் மட்டும் கேக்காதீங்க.

கே: அண்ணே, நாலு மாச சினை ஆடு ரெண்டு ஒரே வாரத்துல குட்டி வீசிடுச்சு. புரூசெல்லாதானா?

ப: இருக்கலாம் தம்பி, கடைசி ரெண்டு மாசத்துல வீச வைக்கிறதுதான் அதோட வேலை. ஆனா கிளமைடியா, டாக்சோபிளாஸ்மா மாதிரி வேற கிருமிங்க, பிபிஆர்ங்கற ஆட்டுக்கொல்லி நோய் வந்தாலும் வீசும், கண்ணால பாத்து சொல்ல முடியாது. நஞ்சுக்கொடிய வெறுங்கையால தொடாதீங்க, நாய்க்கும் போடாதீங்க. புதைக்கிறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, குட்டியோட வயித்துத் தண்ணியும் கொடித் துண்டும் கிடைச்சா லேப்ல கிருமியையே நேரா தேடிப் பாக்கலாம்.

கே: வீசின மறுநாளே ரத்தம் எடுத்தோம், நெகட்டிவ். நிம்மதியா இருக்கலாமா சார்?

ப: இல்லக்கா. சில ஆட்டுக்கு ரத்தத்துல தெரிய நாள் பிடிக்கும், 3 வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க. அந்த ஒத்த ஆட்டுக்கு மட்டும் இல்ல, கிடாவையும் சேத்து பட்டி மொத்தத்துக்கும்.

கே: ரோஸ் பெங்கால் டெஸ்ட்னா என்ன பண்ணுவாங்க?

ப: தட்டுல ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைஞ்சதும் மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணி), அதுல ரோஸ் கலர் ஆன்டிஜென் (செத்த புரூசெல்லா கிருமி கலந்த சாயத் தண்ணி), குச்சியால கலக்கி 4 நிமிஷம் ஆட்டணும். ஒண்ணும் இல்லைன்னா ரோஸ்மில்க் மாதிரி அப்படியே நிக்கும், இருந்தா ரவை ரவையா திரியும். மாட்டுக்கு ரெண்டும் சம அளவு, ஆட்டுக்கு 25 மைக்ரோலிட்டர் ஆன்டிஜெனுக்கு 75 சீரம் போட்டாதான் நழுவுற கேஸும் மாட்டும், நிறைய பேர் இத விட்டுடறாங்க. ரத்தம் கொண்டு வர்றவங்க ஐஸ் பெட்டில வைங்க, ஃப்ரீசர்ல வேணாம், போன மாசம் ஒருத்தர் ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வச்சு தக்காளி ஜூஸ் மாதிரி கொண்டு வந்தாரு, 22 டியூப்பும் வேஸ்ட்.

கே: பால்லயே பாக்கலாம்னாங்களே?

ப: அந்த மில்க் ரிங் டெஸ்ட் மாட்டுப்பாலுக்கு. ஆட்டுப்பால்ல நம்ப முடியாது.

கே: செம்மறிக்கிடாவுக்கு ஒரு பக்க விரை வீங்கியிருக்கு, ரோஸ் பெங்கால் நெகட்டிவ்.

ப: புரூசெல்லா ஓவிஸ்னு ஒரு வகை இருக்கு, அத இந்த டெஸ்ட் பிடிக்காது, அதுக்குன்னு தனி எலைசா (ரத்தத்துல பாக்குற இன்னொரு லேப் டெஸ்ட்) கேளுங்க. அடிபட்டாலும் வேற கிருமியாலயும் வீங்கும். அதுவரைக்கும் கிடாவ பொட்டையோட விடாதீங்க.

கே: பாசிட்டிவ் வந்தத சந்தைல தள்ளிடலாமா?

ப: உங்க பட்டிக்கு வந்ததே யாரோ அப்படி தள்ளினதுதான். எலைசால உறுதி பண்ணுங்க, வந்தா கழிச்சுத்தான் ஆகணும், வைத்தியம் பாத்து வச்சுக்கிற நோய் இல்ல. எப்படி கழிக்கிறதுன்னு டாக்டர் சொல்வாரு. பால காய்ச்சாம குடிக்காதீங்க.

கே: எனக்கே ரெண்டு வாரமா சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டுது, இடுப்பு வலி.

ப: நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, இது ஆட்டுலேர்ந்து மனுஷனுக்குத் தொத்துற புரூசெல்லாவா இருக்கலாம். போனதும் ஆடு வளக்கறேன், குட்டி வீசினப்ப கை வச்சேன்னு சொல்லுங்க, சொல்லலைன்னா டைபாய்டு, மலேரியான்னு சுத்திட்டு இருப்பாங்க.