ரைம்னா எதுகை மோனையா? ஏழாவது படிக்கிற பொண்ணோட குழப்பம்

கேள்வி: பொண்ணு இங்கிலீஷ் மீடியம், ஏழாவது. எதுகை, மோனையை ஒவ்வொரு பரீட்சையிலயும் மாத்தி எழுதுறா, உவமை உருவகமும் அப்படித்தான். மனப்பாடம் பண்ண வச்சாலும் மனசுல நிக்கல. எப்படி சொல்லிக்குடுக்கிறது?

பதில்: பாட்டைக் குடுத்ததும் அவ கண்ணு எங்க போகுதுன்னு பாருங்கம்மா. அனேகமா வரியோட கடைசிக்குத்தான் போகும். எல்கேஜில இருந்து இங்கிலீஷ் ரைம்ஸ் பாடின பிள்ளை, அதுல ஓசை ஒத்துப்போறது கடைசியிலதான், அதனால ரைம்னா எதுகை மோனைன்னு யாரோ சொன்னதை நம்பி இங்கயும் கடைசியில தேடுது. தமிழ்ல அதுக்குப் பேரு இயைபு. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே", பின்னே முன்னேன்னு முடியுதுல்ல, அதுதான். எதுகையும் மோனையும் சொல்லோட தலைப்பக்கம் இருக்கு, இந்த ஒண்ணு புரிஞ்சாலே பாதி குழப்பம் தீந்துரும்.

மோனைக்கு முதல் எழுத்து, எதுகைக்கு இரண்டாவது, இயைபுக்கு இறுதி. இதைச் சத்தமா சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, மோ-மு, எ-இ, இ-இ, மூணு ஜோடியுமே மோனைதான்! ஏன்னா மோனைக்கு அதே எழுத்துதான் வரணும்னு இல்ல, அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம், கூட்டத்துக்குள்ள எது வந்தாலும் சேரும். மெய்யிலயும் ச-த, ஞ-ந, ம-வ சேரும்.

இப்போ முதல் குறளை நோட்டுல எழுதச் சொல்லுங்க.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அகர, ஆதி மோனை. அகர, பகவன் ரெண்டுலயும் ரெண்டாவது எழுத்து 'க', அதனால எதுகை. பென்சிலால வட்டம் போட வைங்க, கை பழகினா மறக்காது. எதுகையில இன்னொரு விஷயம், பல பிள்ளைங்க மார்க் விடுறது இங்கதான், முதல் எழுத்தோட அளவும் ஒத்துப்போகணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டு-பட்டு எதுகை, கட்டு-பாட்டு எதுகை இல்ல. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோமே, ஆ நெடில், தே நெடில், அடுத்து 'டி', கச்சிதமா உக்காருது.

உவமை உருவகத்துக்கு 'போல' இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லிக்குடுக்கிறாங்க, எனக்கு அது பத்தாதுன்னு தோணும், ஏன்னா மலர்முகம்னு வந்தா 'போல' மறைஞ்சுதான் இருக்கு, ஆனாலும் அது உவமைதான், உவமைத்தொகைன்னு பேரு. அதையே முகமலர்னு திருப்பிப் போட்டா உருவகம், மலர் மாதிரி முகம்னு இல்லாம முகமே மலர் ஆயிருச்சு. முத்துப்பல், பல்முத்துன்னு இன்னும் ரெண்டு மூணு சொல்லைத் திருப்பிப் போட்டு விளையாட விடுங்க. "பிறவிப் பெருங்கடல்"னு பத்தாவது குறள்ல வருதே, பிறவி முன்னாடி, கடல் பின்னாடி, அது என்னன்னு அவளே சொல்லிருவா.

ஒரு வாரம் கழிச்சு இந்தக் குறளைக் குடுங்க, எதையும் சொல்லாதீங்க.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை

எதுகையும் உவமையும் இதுல சேந்தே இருக்கு. ரெண்டையும் அவளே கண்டுபிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க.