தம்பியின் மலைப்பந்தய மோகம்

கேள்வி: ஜப்பானின் குன்மா மாகாணத்தில் என் தம்பி வேலை பார்க்கிறான். சின்ன வயதிலிருந்தே 'இனிஷியல் டி' என்ற கார்ப்பந்தயச் சித்திரக்கதைமேல் பைத்தியம். இப்போது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, ராத்திரியில் ஹருனா மலை வளைவுகளில் நண்பர்களோடு பந்தயம் விடுகிறானாம். கேட்டால், "இதெல்லாம் இங்கே கலாசாரம் அக்கா, உனக்குப் புரியாது" என்கிறான். நிஜமாகவே அப்படித்தானா? அவனிடம் என்ன சொல்வது?

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை, சகோதரி. 'டோகே' எனப்படும் மலைச்சாலைகளில் இரவில் வண்டி விரட்டும் கூட்டம் ஜப்பானில் பல காலமாக உண்டு. 'டிரிஃப்ட் கிங்' (டிரிஃப்ட் என்றால் வளைவில் காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டுவது) என்று கொண்டாடப்படும் கெய்ச்சி சுச்சியா அப்படிப்பட்ட சாலைகளில் பழகி வந்தவர்தான். ஷுய்ச்சி ஷிகெனோ 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' சித்திரக்கதையில் வரும் அகினா மலையும் உங்கள் தம்பி போகும் ஹருனாவேதான்.

மீதிப் பாதியைத் தம்பி உங்களிடம் சொல்லவில்லை. இப்படி ஓட்டுபவர்களைத் தடுக்கத்தான் ஹருனா சாலையில் ஆங்காங்கே குறுக்கே மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் கொண்டாடும் கலாசாரத்துக்கு யாராவது வேகத்தடை போடுவார்களா?

கதையில் எதிர் வண்டி எழுத்தாளர் நினைத்தால்தான் வரும். ஹருனாவில் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பம் எந்த வளைவிலும் வரலாம். ஜப்பானில் நடக்கும் கார்ப்பந்தயக் கதையான 'டோக்கியோ டிரிஃப்ட்' (2006) படத்தின் கடைசி மலைப்பந்தயத்தை ஜப்பானில்கூட எடுக்கவில்லை, கலிஃபோர்னியாவில் எடுத்தார்கள். அந்தப் படத்தில் சுச்சியாவே மீன் பிடிப்பவராக ஒரு காட்சியில் தலைகாட்டுவார்!

'இனிஷியல் டி' நாயகனின் 130 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா, பெரிய வண்டிகளை இறக்கத்தில் ஜெயிப்பது கட்டுக்கதை இல்லை. இறக்கத்தில் எஞ்சின் பலத்தைவிட எடை, பிரேக், ஓட்டுபவரின் கை மூன்றும்தான் பேசும். ஆனால் நிஜச் சாலையில் சூடு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்தி அழுத்தி பிரேக் கொதித்துவிடும். பிரேக் ஆயில் நாள்பட நாள்பட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆயில் சீக்கிரமே கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. பழைய கார் என்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் கவலை.

சட்டமும் விளையாட்டில்லை. கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் ஓட்டி ஓர் உயிர் போனால், ஜப்பானில் 20 ஆண்டுவரை சிறை. வெளிநாட்டவருக்கு விசா, வேலை எல்லாம் அதோடு போகும்.

போனில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாமல் போவார், அவ்வளவுதான். அதற்குப் பதில், "கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்?" என்று கேளுங்கள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு கொஞ்சம் ஆடட்டும். நாயகனின் அப்பா காரில் தண்ணீர் நிரம்பிய கோப்பையை வைத்து, சிந்தாமல் ஓட்டு என்று பழக்குவாரே, அதையும் நினைவுபடுத்துங்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

அவருக்கு நிஜமாகவே ஓட்டக் கற்க ஆசை என்றால், ஜப்பானைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். 'சோகோகாய்' என்ற பெயரில், கட்டணம் கட்டிச் சொந்தக் காரையே பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்கள் அங்கே நடக்கின்றன. டிரிஃப்டுக்கென்றே பேர்போன எபிசு சர்க்யூட் ஃபுகுஷிமாவில் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம் தேவைப்படும். "பிறந்தநாளுக்கு அதை நான் வாங்கித் தருகிறேன், முதலில் அங்கே போய் ஓட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.