53 வயதில் வீட்டுக்கடன்: மகனைச் சேர்த்து 20 வருடத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. இத்தனை நாள் வாடகை வீடு. இப்போதுதான் சொந்த வீடு பார்க்கிறோம். என் பெயரில் மட்டும் கேட்டால் ஏழு வருடத்துக்குத்தான் கடன் என்கிறது வங்கி. அந்தத் தவணை எனக்குக் கட்டுப்படியாகாது. வேலைக்குப் போகும் மகனைச் சேர்த்தால் 20 வருடம் கிடைக்குமாம். சேர்க்கலாமா? மகள் இன்னும் படிக்கிறாள்.

பதில்: தவணை கைக்கு அடங்குகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். உங்கள் வயதில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஓய்வுபெறும் நாளில் எவ்வளவு பாக்கி நிற்கும்?

வட்டி வருடத்துக்கு 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கடனை 20 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 868 கட்ட வேண்டும். முதல் மாதம் அதில் 708 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது வெறும் 160. அதனால் ஏழு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பிறகும், லட்சத்தில் கிட்டத்தட்ட 82,000 அப்படியே நிற்கும். சம்பளம் நின்றுபோகும் மாதத்தில் கடன் இன்னும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும். இதையே 10 வருடக் கடனாக வாங்கினால் தவணை 1,240. ஏழு வருடம் கழித்து பாக்கி 39,000 சொச்சம். ஏழே வருடத்தில் முடிக்க 1,584 ஆகும். அதுதான் முடியாது என்கிறீர்கள். சரி.

நான் சொல்வது இதுதான்: கடன் ஒப்பந்தத்தில் காலம் நீளமாகவே இருக்கட்டும், 15 வருடம்கூடப் பரவாயில்லை. கட்டுவதை மட்டும் 10 வருடக் கணக்கில் கட்டுங்கள். ஒரு மாதம் கை இறுகினால் குறைந்த தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிய வேண்டும், தவணை குறையாமல் காலம் குறைய வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது.

ஓய்வின்போது வரும் மொத்தத் தொகையில் மிச்சக் கடனை அடைக்கலாம், ஒரு பகுதியை எடுத்து மட்டும். முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டால், மருத்துவச் செலவு வரும் நாளில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கைமாற்று கேட்க வேண்டியிருக்கும். மாறும் வட்டியிலும் கவனம் வேண்டும். வட்டி ஏறும்போது இளைஞர்களுக்குத் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள். உங்களுக்கு வயது வரம்பு குறுக்கே நிற்பதால் தவணையே ஏறலாம்.

கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் நீட்டுவார்கள். அதன் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றினால் அதற்கும் வருடக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

இப்போது மகன் விஷயம். சேர்க்கலாம், ஆனால் அவரிடம் முழுக்கச் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனில் கையெழுத்துப் போட்டால் முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பு. நாளைக்கு அவர் தனக்கென்று வீடு வாங்கப் போனால், இந்தத் தவணையைக் கழித்துவிட்டுத்தான் அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று வங்கி பார்க்கும். கடனில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டில் உரிமை வந்துவிடாது. அது வேறு பத்திரம். அவர் பணமும் போகிறதென்றால் கிரயப் பத்திரத்தில் அவர் பங்கைக் குறிப்பிடுங்கள். மகளுக்கு என்ன என்பதையும் இப்போதே, மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, உயிலாக எழுதிவைத்துவிடுங்கள். படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.