ஜென்னைப் பிரிக்காதீர்கள், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், பழைய மாருதி ஜென் காரில் ரேஸ் ஓட்ட ஆசை, கூட ஆள் இல்லை, ரோல் கேஜும் (வண்டி உருண்டால் ஆளைக் காக்க உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூண்டு) இன்ஜின் வேலையுமாக ஒர்க்‌ஷாப்பில் மூன்று லட்சம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை இப்போது எடுக்காதீர்கள்.

கேஜ் போட்டு, சீட்டைக் கழற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் கொடுக்காது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் வண்டியை ஏற்றிப்போக டிரெய்லர், அதை இழுக்க ஒரு வண்டி, உதவிக்கு ஓர் ஆள். தனி ஆளுக்குக் கை கடிப்பது அங்கேதான். ஆட்டோகிராஸ் மாதிரி ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து விடும் போட்டியில் தொடங்குங்கள். இன்னொருவர் வந்து இடிக்க மாட்டார். வேலந்தாவளம் தாண்டினால் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் அதிக தூரமில்லை, ஜென்னிலேயே போய் வரலாம்.

செலவழிக்க வேண்டியது பிரேக்குக்கு. புது டாட் 4 ரகப் பிரேக் ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் இழுத்த பழசு 155க்கே கொதிக்கலாம். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். மாற்ற உதவிக்கு ஆளில்லையென்றால் பிளீடர் நிப்பிளில் (சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகு) ஒரு ட்யூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலுக்குள் மூழ்க வைத்து, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தி, பெடலை மெதுவாக மிதியுங்கள். மேலே பிரேக் ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் நிப்பிளை இறுக்கிவிடுங்கள்.

சாதாரண இன்ஷூரன்ஸ் ரேஸுக்குச் செல்லாது, அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். எந்த ஹெல்மெட், என்ன லைசென்ஸ் என்பதை நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.