டிரைவரை நான்கு முறை நிறுவியும் பி.எல்.சி. கணினியோடு இணையவில்லை. பி.எல்.சி. பழுதாகிவிட்டதா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: டெல்டா டி.வி.பி. வகை பி.எல்.சி. (இயந்திரத்தை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), விண்டோஸ் 11 மடிக்கணினி, இரண்டுக்கும் நடுவில் புதிதாக வாங்கிய யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் (நீங்கள் நிறுவிய டிரைவர் இதற்குத்தான்), அதிலிருந்து பி.எல்.சி.க்குப் போகும் வட்ட முனைக் கேபிள். டெல்டாவின் நிரல் மென்பொருளான டபிள்யூ.பி.எல்.சாஃப்டில் எதை அழுத்தினாலும் 'கம்யூனிகேஷன் எரர்' வருகிறது. இயந்திரம் மட்டும் வழக்கம்போல் ஓடுகிறது.

இயந்திரம் ஓடுகிறதென்றால் பி.எல்.சி.யை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். போர்ட் மட்டும் போயிருக்கலாம் என்றாலும், அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய இடம். ஆலைப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு இதே தொல்லை பலமுறை வந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி கன்வெர்ட்டர், கேபிள், அமைப்பு (செட்டிங்) ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருந்தது. டிரைவரை ஐந்தாவது முறை நிறுவுவதால் இந்த மூன்றில் எது என்று தெரியப்போவதில்லை. இணைப்புப் பாதையை நடுவில் பிரித்து, பகுதி பகுதியாகச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அதற்கு ஒரு சிறு கம்பித் துண்டு போதும். கன்வெர்ட்டரின் ஒன்பது முள் முனையிலிருந்து பி.எல்.சி. கேபிளைக் கழற்றிவிட்டு, 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் அந்தக் கம்பியால் இணையுங்கள். ஒன்று வாங்கும் முள், மற்றொன்று அனுப்பும் முள். புட்டி போன்ற ஒரு டெர்மினல் மென்பொருளில் அந்தக் காம் போர்ட்டை (கன்வெர்ட்டருக்கு விண்டோஸ் தரும் எண்ணிட்ட இணைப்பை) திறந்து, 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்ற அமைப்பை நீக்கிவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிய வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். இரண்டும் நடந்தால் மடிக்கணினி, டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். இனி டிரைவர் பக்கம் திரும்பவே வேண்டாம்.

எழுத்து வரவில்லையென்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற குறியும் இருந்தால், உள்ளே இருப்பது பழைய அல்லது போலியான பி.எல்.2303 சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சிப்பின் எச்.எக்ஸ்.ஏ. வகையை 2012ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டதாகப் புதிய டிரைவர் அங்கேயே எழுதிக் காட்டுவதும் உண்டு. பழைய பதிப்பு டிரைவரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் புதியதை மீண்டும் ஏற்றிவிடும். நேற்று இணைந்தது இன்று இணையாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். தரமான கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் இயந்திரம் நிற்பதால் வரும் நட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கன்வெர்ட்டர் தேறிவிட்டதா? அடுத்து கேபிள். நான் ஓர் இரவு முழுவதையும் இழந்தது இங்கேதான். எட்டு முள் கொண்ட அந்த வட்ட முனை மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வகைக்கும் பொருந்தும், உங்கள் டெல்டாவுக்கும் பொருந்தும். ஆனால் எஃப்.எக்ஸ். பேசுவது ஆர்.எஸ். 422, டி.வி.பி.யின் அந்த போர்ட் பேசுவது ஆர்.எஸ். 232; இரண்டும் வெவ்வேறு மின் சமிக்ஞை முறைகள். முள்களின் ஒதுக்கீடும் வேறு. அவசரத்துக்குக் கடையில் வாங்கிய கேபிளைச் செருகினேன், பொருந்தியது. பொருந்திவிட்டதால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விடியும் வரை மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். காலையில் மல்டிமீட்டரை எடுத்து, எந்த முள் எந்த முள்ளோடு இணைகிறது என்று முனைக்கு முனை தொடர்ச்சி பார்த்து, பி.எல்.சி. கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டேன். பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. நீங்கள் அந்தப் பத்து நிமிடத்தை முதலிலேயே செலவிடுங்கள்.

கேபிளும் சரியென்றால் அமைப்புகள். கம்பிச் சோதனை எந்த வேகத்திலும் தேறிவிடும் என்பதால் அது இதைக் காட்டிக்கொடுக்காது. டி.வி.பி.யின் தொடக்க அமைப்பு 9600 வேகம், 7 டேட்டா பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி முறை, நிலைய எண் 1. நிரலை எழுதியவர் பி.எல்.சி.க்குள் இருக்கும் டி1036 என்ற ரெஜிஸ்டர் (நினைவிடம்) வழியாக இதை மாற்றியிருக்கக்கூடும். தொடுதிரை இணைத்த இயந்திரங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மென்பொருளில் உள்ள ஆட்டோ டிடெக்ட் வசதியை ஓடவிட்டுப் பாருங்கள். காம் எண்ணையும் கவனியுங்கள்: கன்வெர்ட்டரை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால் பெரும்பாலும் எண் மாறிவிடும், மென்பொருளோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும் என்பதால், சோதித்து முடித்ததும் புட்டியை மூடிவிடுங்கள். பின்னணியில் ஸ்காடா (ஆலைக் கண்காணிப்பு மென்பொருள்) எதுவும் ஓடக்கூடாது.

இயந்திரம் நிற்கும்போது இணைந்து, மோட்டார் ஓடியதும் அறுந்துபோனால் அது டிரைவர் சிக்கலே அல்ல, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியின் மின் இரைச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் முயலுங்கள், கேபிளை மோட்டார் கேபிள்களை விட்டு விலக்குங்கள். போதவில்லையென்றால் மின்தனிமை (ஐசொலேஷன்) கொண்ட கன்வெர்ட்டர்தான் வழி.

இணைப்பு கிடைத்த அந்த நொடியில் ஒரு எச்சரிக்கை, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். டபிள்யூ.பி.எல்.சாஃப்ட் எந்தத் திசையில் பரிமாற வேண்டும் என்று கேட்கும்: பி.எல்.சி.யிலிருந்து கணினிக்கா, கணினியிலிருந்து பி.எல்.சி.க்கா? தூக்கமில்லாத இரவின் முடிவில் ஓர் இளம் தொழில்நுட்பர் என் கண்முன்னே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். வெற்று நிரல் உள்ளே போனது, ஓடிக்கொண்டிருந்த நிரல் அழிந்தது. நகல் யாரிடமும் இல்லை. அதை மீண்டும் எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்தப் பையனின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. முதல் வேலை நிரலைப் படித்தெடுத்து இரண்டு இடங்களில் சேமிப்பது. கடவுச்சொல் கேட்டால் ஊகித்துத் தட்டாமல், இயந்திரம் தந்தவரிடம் கேளுங்கள்.

கம்பிச் சோதனையில் எழுத்து திரும்பி வந்ததா, டிவைஸ் மேனேஜரில் என்ன தெரிகிறது, கேபிளின் எந்த முள் எந்த முள்ளுக்குப் போகிறது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அங்கிருந்து தொடர்வோம்.